நீலம் பாய்ந்த உதடுகள்

12 மார்ச் 1963, செவ்வாய்

இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். நாவல்பழம் தின்றதுபோல் உதடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. நகங்களும் அப்படியே இருந்தன.

மூன்று வருஷமாக அவருக்கு முழங்கையிலும் முதுகிலும் கொப்புளம், ஓயாத அரிப்பு. இது அபூர்வமான தோல் வியாதி, தொழுநோய் இல்லை, ஆனால் தொழுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைதான் இதற்கும் கேட்கும் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். சாப்பிட்ட மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்ங்க" என்றேன்.

"வேணாம். மாத்திரைய நிறுத்திடுவாரு. மறுபடியும் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று சொல்லிவிட்டுத் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

மனசு கேட்காமல் நானே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தைக் கெடுத்துவிடும், நீலம் அதனால்தான், இனி ஒன்றுகூடக் கூடாது, நாளைக் காலை ரத்தம் சோதிக்க அழைத்து வா என்றார்.

சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வாங்குதான்னு கேட்டாரா?"

"ஆமா. இல்லன்னு சொல்லிட்டேன்."

"நாலு நாளா வாங்குது செல்வி. கப்பல் ஏணியில ஏற முடியல. சொன்னா நீ மாத்திரைய ஒளிச்சு வெச்சிடுவியோன்னு பயந்துட்டேன்."

இப்போது தூங்குகிறார். சொறியாமல், புரளாமல் தூங்குகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.