மந்திரித்த எலுமிச்சங் குச்சிகள்

சேசு மரி சூசை துணை.

ராயப்பன்பட்டி, 1892 ஆடி மாதம்.

கண்டித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் மகன் இன்னாசிமுத்துவுக்கு உன் ஐயா ஞானமுத்து எழுதுவது. தேவன் தயவால் நானும் உன் ஆத்தாளும் கஞ்சிக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மழைதான் இல்லை. உன் உடம்பு சுகத்துக்கும், பாவசங்கீர்த்தனம் செய்தாயா என்பதற்கும் பதில் எழுது.

ஊர்க் கன்று உதவாது, துரை கப்பலில் தருவிக்கிற கன்றுதான் கன்று, நம் நிலத்திலும் அசலூர்க் கன்றையே வையுங்கள் என்று போன கடுதாசியில் எழுதியிருந்தாய். உன்னைப் போன்ற அறிவாளிகள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள், சந்தோசப்படு. அந்தோணியார் திருநாளன்று கழுத்தில் செபமாலையோடு ஒருவன் வண்டி நிறைய எலுமிச்சங் கன்று கொண்டுவந்தான். ரோமாபுரியில் மந்திரித்த கன்று, பஞ்சத்திலும் காய்க்கும், வேரை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் மந்திரம் போய்விடும் என்றான். ஊரே விழுந்தடித்து வாங்கியது. உன் ஆத்தாள் மதலேனாளும் நான் வயலுக்குப் போன நேரம் பார்த்து நாலு கன்று வாங்கி வாசலில் நட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் இலை எல்லாம் கொட்டிப்போயிற்று. மந்திரித்ததைப் பிடுங்கினால் பாவம் என்று எல்லோரும் வெறும் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுகிற ஊர் இது. கோயில்பிள்ளை தன் குச்சிக்கு மெழுகுவத்தி வேறு ஏற்றி வைத்திருக்கிறான். சாமியார் பூசைக்கு வந்தபோது நானே கூட்டிவந்து காட்டினேன். அவர் நம் வாசல் குச்சி ஒன்றைப் பிடுங்கினார். வேரே இல்லை. அந்தச் செபமாலைக்காரன் கிளையை ஒடித்துக் களிமண் உருண்டையில் செருகி வாழைச்சருகைச் சுற்றியிருக்கிறான். உன் ஆத்தாள் அப்போதும் விடவில்லை, சாமியார் பிடுங்குனாக, அதான் வேரு மறைஞ்சிருச்சு என்கிறாள்.

இதில் கெட்டது ஆற்றோரத்தில் கன்றுத் தோட்டம் வைத்திருக்கிற சங்கிலியம்மாள் பிழைப்பு. இந்த ஊரில் காய்க்கிற எலுமிச்சை எல்லாம் அவள் விதை போட்டு வளர்த்துக் கொடுத்தது. வாங்கின கன்று பட்டுப்போனால் மறு கன்று சும்மாவே கொடுப்பாள். இந்த வருசம் அவள் கிணறும் வற்றிப்போயிற்று, கன்றும் விற்கவில்லை. குச்சி வாங்கின புண்ணியவதிகள் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அவளிடமே போய், ஆத்தா, எங்க குச்சிக்கும் மறு கன்னு தருவியா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மனசு விட்டுப்போய், காயிறது காயட்டும், நான் கண்டிக்குப் போறேன் என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டாள். அவள் கப்பலேறிவிட்டால் நாளைக்கு மழை பெய்யும்போது இந்த ஊருக்கு நடுவதற்குக் குச்சிதான் மிச்சம்.

ஆகையால் நான் ஒன்று செய்தேன். நம் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. நீ வீடு கட்ட ஒதுக்கி வைத்த கிணற்றடி இடத்தில் அவள் கன்று அத்தனையையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். மழை வரும்வரை அவளே இறைத்து ஊற்றி வளர்க்கட்டும், அங்கனயே விற்கட்டும். கங்காணி வெறுங்கையோடு போனான். உனக்குக் கோபம் வரும், வந்தால் வரட்டும். மச்சு வீடு கட்டிக்கொண்டு எலுமிச்சம் பழத்துக்கு உத்தமபாளையம் சந்தைக்கு ஓடுகிற கெட்டிக்காரத்தனம் எனக்கு வேண்டாம்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே. வரும்போது துரையின் கன்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே, வைக்க இடமில்லை. வாசலில் மீதி மூன்று குச்சிக்கு உன் ஆத்தாள் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். உன் வீட்டு இடத்தில் துளிர் விட்டிருக்கிறது.

இப்படிக்கு உன் ஐயா,
ஞானமுத்து