குண்டுமணி என்று வந்தால் குப்பைக்கு

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் நலம், அப்பாவும் உடம்பளவில் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா என்று அம்மா முதலில் கேட்கச் சொல்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன், கணினியில் அப்பா இருப்பதால் தாளில். பதிலே வரவில்லை என்று நீ நொந்துபோயிருப்பாய். கடையை மூடிவிடுங்கள் என்று நீ அனுப்பிய மெயிலை அப்பா வாடிக்கையாளர் முன்னால் உரக்கப் படித்துவிட்டார். அன்றே, குண்டுமணி என்ற பெயர் எந்த மெயிலில் இருந்தாலும் நேராகக் குப்பைக்குப் போகிற மாதிரி செய்யடி என்று என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கடை மெயில் நான்தானே பார்க்கிறேன். அவர் சொன்ன வார்த்தையையே மெயில் வடிகட்டியில் போட்டுச் சேமித்தேன். நீ பிறந்தபோது உன் செல்லப் பெயரைத்தான் கடைக்கும் வைத்தார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. குண்டுமணி கண்ணாடிக் கடைக்கு என்று தொடங்கி எழுதிய அத்தனை பேரும் உன்னோடு சேர்ந்து குப்பைக்குப் போனார்கள்.

ஆர்டர் நின்றது. அப்பா கண்ணாடி அறுக்கும் மேசையைச் சும்மா துடைத்துக்கொண்டே இருப்பார், பையன் சொன்னது சரிதான் போலிருக்கு என்று அம்மாவிடம் சொன்னாராம். கடையைக் காலி செய்வதாகச் சொல்லியும் விட்டார், நாளைக் காலை கட்டடச் சொந்தக்காரர் சாவி வாங்க வருகிறார். இன்று சலூன்காரர், ஆள் உயரக் கண்ணாடி கேட்டு எத்தனை தடவை எழுதுவது, பதில் போட உங்களுக்கு அவ்வளவு கெத்தா என்று கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனார். மெயிலின் குப்பைப் பெட்டியைத் திறந்தேன், உன் மெயில்களோடு ஆர்டர்களும் குவிந்து கிடந்தன. ஆர்டர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். என் பிள்ளையை மட்டும் குப்பையிலேயே விடப் போகிறாயா, வடிகட்டியையே எடுத்துப் போடு என்றாள். எடுத்துவிட்டு எல்லாவற்றையும் உள்பெட்டிக்குக் கொண்டுவந்தேன். அப்பா, மெயில் வந்திருக்கு என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அப்பா முதலில் சலூன்காரருக்குப் போன் செய்தார். பிறகு ஒவ்வொரு மெயிலாகத் திறந்து படித்தார். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்ததில் எழுத்து கோணிப் போயிருக்கிறது பார். இப்போதுதான் குரல் கொடுத்தார், ஏண்டி, என் முதுகு வலி எப்படி இருக்குன்னு உன் அண்ணன் இத்தனை மெயில் போட்டிருக்கான், ஒண்ணுக்காவது பதில் போட்டியா என்று என்னையே திட்டுகிறார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவியைப் பற்றி அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. இது கைக்குக் கிடைத்ததும் நீயே அவருக்குப் போன் பண்ண வேண்டும் என்கிறாள் அம்மா, மறந்துவிடாதே. எடுத்த எடுப்பில் கடைப் பேச்சு வேண்டாம். நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா இந்தத் தாளைத் தொட்டு ஆசீர்வதிக்கிறாள்.

அம்மா சொல்ல எழுதிய,
உன் தங்கை