ஒரே கையெழுத்து மூன்று முறை

கார்த்திகை, புதன் இரவு. பாளையம்பட்டி.

இன்று குமரேசன் அண்ணனிடம் புதிய நிரலுக்கு ஒப்புதல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் மல்லாங்கிணறுக்காரர். சென்னையில் இருந்துகொண்டு எங்கள் குழுவை நடத்துகிறார்.

ஜனங்களின் பணப் பரிமாற்றங்களை மொத்தமாகக் கட்டி பிளாக்செயினில் பதிவது எங்கள் ரோலப். அதன் தரவு, அதாவது யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, பிளாக்செயினுக்கு வெளியே இருக்கிறது. அது தங்களிடம் பத்திரமாக இருப்பதாக மூன்று கணினிகளாவது கையெழுத்திட்டால்தான் சான்றிதழ் செல்லும். அதைச் சரிபார்ப்பது பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட். மதியம் ஒரே கணினியின் கையெழுத்தை மூன்று முறை வைத்து அனுப்பிப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு கணினி படுத்துவிட்டால் ஜனங்கள் தங்கள் பணத்தை எதைக் காட்டிக் கேட்பார்கள்?

"எல்லாம் நம்ம ஆளுகதான. எவன் ஏமாத்தப் போறான்? இப்ப ஓகே குடு, பெறகு பாத்துக்கிருவோம்" என்றார் அண்ணன்.

"நம்ம ஆளுகன்னு நம்புறதுக்குக் கான்ட்ராக்ட் எதுக்குண்ணே?"

வேறு ஆளிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அடுப்படியில் இருந்த அம்மா, "வேலைய விட்டு எடுத்துட்டாகன்னா?" என்றாள்.

"எடுக்கட்டும்."

என் சோதனையை நிரலோடு சேர்த்துவிட்டேன். ஒரே கையெழுத்தை மூன்றாக எண்ணும்வரை அது 'தோல்வி' என்று சிவப்பில் ஒரு வரி காட்டும். ஒப்புதல் கொடுப்பவர் யாரானாலும் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால் அழிக்கட்டும். அழித்தது யாரென்று என் பெயருக்குப் பக்கத்திலேயே பதிவாகும்.