தம்பிக்கு வந்த இரண்டு நோய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு விஷயம், பதறாதே. தம்பியின் பழைய கட்டி, ரத்த சாம்பிள்களை ஆஸ்பத்திரியில் கேட்டு, நான் வேலை செய்யும் லேபுக்கு வரவழைத்தேன். அவன் நெஞ்சுக்குள் இருந்த ஜெர்ம் செல் (கரு உயிரணு) கட்டியையும், பிறகு வந்த ரத்தப் புற்றுநோயையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டின் மரபணுவிலும் அச்சு அசலாக ஒரே பழுதுகள்.

"ரெண்டும் ஒரே செல்லுலேருந்து கிளம்பினது. கட்டிக்கு மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே அந்த செல் கெட்டுப்போச்சு" என்றார் எங்கள் டாக்டர். அந்த ரிப்போர்ட்டை நான் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

"வேணாம்னு அழுதவனுக்கு நான்தானே மருந்து ஏத்த வச்சேன், அதுதான் ரத்தத்தைக் கெடுத்துடுச்சு" என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாய்! ரத்தப் புற்றுநோய் அந்த மருந்தால் வரவில்லை, அம்மா. அது கட்டியைக் கரைக்கத்தான் பார்த்தது. நீயும் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தாய்.

இங்கே குளிர். அவனுடைய நீல ஸ்வெட்டரை அனுப்பி வை. துவைத்துவிடாதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மருந்தோடு உனக்கு இனிச் சண்டை வேண்டாம். அவன் போனதிலிருந்து நீ தொடாத பிரஷர் மாத்திரையை இன்றைக்கே போட்டுக்கொள். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் மகள்