அக்கா காய்ச்சும் ஆடாதொடை

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மொரப்பூரில் ரயில் லேட். சேலம் லேபுக்குப் போய்ச் சேரும்போது மதியம்.

ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்றுமில்லை. ஆடாதொடை இலைக்குள்ளிருந்து எடுத்து வளர்த்த அதே பூஞ்சை, அதே சாறு. போன வருஷம் அதை ஊற்றியதும் கண்ணாடி டிஷ்ஷில் இருந்த கேன்சர் செல்லெல்லாம் செத்தன. இப்போது ஜம்மென்று இருக்கின்றன, சனியன்கள்.

கைடு மேடம் அசரவே இல்லை. "செடிய வுட்டு வெளிய எடுத்து, பிளேட் மாத்தி மாத்தி வளர்த்தா சிலது அப்படித்தாம்மா. செல்லக் கொல்ற அந்தச் சரக்க செய்யறதயே நிறுத்திடும். புதுசா இலை பறிச்சு முதல்ல இருந்து ஆரம்பி."

முதலில் இருந்தாம். சொல்ல என்ன, வாய்தானே.

வாங்க: ஸ்பிரிட், பஞ்சு, பிளேடு, அக்காவுக்குச் சாத்துக்குடி.

நவ. 12, புதன்

வெயில். ஹாஸ்டலில் உப்புமா. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அம்மா போன். சனிக்கிழமை கீமோ ஊசிக்கு வரமாட்டேன் என்கிறாளாம் அக்கா. மார்பில் கட்டி எடுத்த பிறகு போடுகிற ஊசி. பாதிகூட முடியவில்லை. நிறுத்தினால் திரும்ப வரலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

"பாப்பாதான் மருந்து கண்டுபுடிச்சிருக்காளே, அது வரட்டும்ங்கறா. எப்ப வரும் பாப்பா?" அம்மாவின் குரலில் ஆசை வேறு.

டிஷ்ஷில் சாவது வேறு, உடம்புக்குள் சாவது வேறு. ஸ்பிரிட் ஊற்றினாலும்தான் டிஷ்ஷில் சாகும். நூறு தடவை சொல்லியாச்சு. யார் காதில் ஏறியது? அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

நவ. 14, வெள்ளி

கடத்தூர், அக்கா வீடு. பஸ்ஸில் நின்றுகொண்டே. செருப்பு அறுந்தது.

இலை பறிக்கலாமென்று முதலில் வயலுக்குப் போனேன். நான் எப்போதும் பறிக்கிற வேலியோரச் செடி மொட்டையாக நிற்கிறது. மாமா சொன்னார்: "உங்கக்காதான். நீ சொன்ன செடின்னு தெனம் காய்ச்சிக் குடிக்கறா."

அக்கா கட்டிலில். தலையில் துண்டு. மாமா மாடு பிடிக்க வெளியே போனார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அது மருந்தே இல்லக்கா. இப்ப டிஷ்ஷுலகூட வேல செய்யல. மருந்தாவறதுக்கு எத்தன வருஷமோ, ஆவாமயே போனாலும் போவும். நாளைக்கு ஊசிக்கு வா."

சிரித்தாள்.

"தெரியும் பாப்பா. நான் என்ன சின்னக் கொழந்தயா? இன்னொரு ஊசி என்னால தாங்க முடியாது. வேணாம்னு சொன்னா வுடுவாங்களா? அழுவாங்க, கால்ல வுழுவாங்க. உன் மருந்து வருதுன்னா வுட்டுடறாங்க."

"அப்ப கஷாயம்?"

"எல்லாம் பின்னாடி சாக்கடைக்குத்தான். யாரு குடிப்பா அந்தக் கசப்ப? யார்கிட்டயும் சொல்லிடாத."

திட்டினேன். கெஞ்சினேன். அழுதேன். சாத்துக்குடியை உரித்து எனக்கே ஊட்டினாள்.

நவ. 15, சனி

மேகமூட்டம். காலையில் மறுபடி கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊசிக்குப் போகவில்லை.

மொட்டைச் செடியின் அடியில் மிஞ்சியிருந்த இலைகளைப் பறித்துக்கொண்டு சேலம். கழுவி, நறுக்கி, பிளேட்டில் வைத்தாச்சு. எதற்கென்று தெரியவில்லை. கை பாட்டுக்குச் செய்கிறது. மாமா பாவம், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

சாயங்காலம் அம்மா போன். கோயிலில் இருந்து. பின்னால் மணிச் சத்தம்.

"உன் பேருக்கு அர்ச்சன பண்ணிட்டேன் பாப்பா. மருந்து எந்த அளவுல இருக்குது?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா."