அரிசிப் பானைக்குள் அமெரிக்க விஸ்கி

1978 ஜூலை 30, ஞாயிறு
காற்றே இல்லை. பழவேற்காடு ஏரி அசையாமல் கிடக்கிறது. அரிசியில் வண்டு. பானையைக் கவிழ்த்துப் புடைத்தேன், பாட்டிலும் வந்து விழுந்தது. போலீஸ் கண்ணில் படாமல் இருக்க அதற்குள்தான் வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. கப்பலில் சமையல் அவருக்கு. மீன்குழம்பில் மயங்கிய ஒரு அமெரிக்க இன்ஜினீயர் கொடுத்தாராம். "இத்தக் காய்ச்சுன கம்பெனியே இப்ப இல்லையாம்டி. அந்தக் காலத்துல அங்கியும் நம்ம ஊரு மாதிரி மதுவிலக்கு போட்டு இழுத்து மூடிட்டாங்களாம். நான் திரும்பி வந்து தொறக்கறேன். நீ மூடியத் தொடாத."

அந்தக் கப்பல் மூழ்கிவிட்டதென்று சொல்லி இரண்டு வருஷம். உடல் வரவில்லை. நான் பொட்டை எடுக்கவில்லை.

வெயிலில் தூக்கிப் பார்த்தேன். பொங்கலுக்கு விஸ்கி, லேபிளில் இருக்கும் குதிரையின் தலைக்கு மேலே இருந்தது. இப்போது கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. மூடிமேல் இருக்கும் மெழுகு உடையவில்லை.

ஜூலை 31, திங்கள்
வேலை. தலைவலி. காலையில் கொழுந்தன் கன்னியப்பனிடம் கேட்டேன், குடித்தாயா என்று. "ஐயோ அண்ணி, நான் தொட்டிருந்தா மிச்சம் இருக்குமா?" நியாயம்தான்.

எங்கள் பெயிண்ட் கம்பெனி குடோனில் தின்னர் டின்கூட மூடியபடியே குறையும். ஆவியாகிப் போகும். தெரியாதா எனக்கு? ஆனாலும், நான் இல்லாத நேரம் அவர் ஈர லுங்கியோடு வந்து, பானைக்குள் கைவிட்டு, ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்து வைத்திருக்கிறேன். சில நாள் அரிசியில் கைத்தடம்கூடத் தெரிகிறது. அந்த நினைப்பில் ரயிலில் கண் சொக்கிவிடும். இன்று கும்மிடிப்பூண்டியில் இறங்காமல் எளாவூர் வரை போய்விட்டேன். சூப்பர்வைசரிடம் திட்டு.

ஆகஸ்ட் 1, செவ்வாய்
அத்தை ஆரம்பித்துவிட்டாள். ஆடி அமாவாசைக்கு மகனுக்குப் படையல் போட வேண்டுமாம். "ரெண்டு வருசமா எம்புள்ள பசியோட சுத்திக்கினு கீறான். ஒரு வாய் சோறு வெக்க மாட்டியா?"

படையல் போட்டால் அவர் செத்தவர். மாட்டேன் என்றேன். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாப் பொத்தானும் இருந்த சட்டை. அறுத்து அறுத்துத் தைக்கிறாள். பாவமாக இருந்தது. சரி என்றேன்.

ஆகஸ்ட் 3, வியாழன், அமாவாசை
லீவு. மேகமூட்டம். மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, வடை, சுருட்டு. பாட்டிலையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மூடியோட வெச்சா அண்ணன் எப்டி அண்ணி குடிப்பாரு?" என்றான் கன்னியப்பன்.

நானே திறந்தேன். தக்கை பொடிந்து உள்ளே விழுந்தது. முந்தானையில் வடிகட்டி, டம்ளரில் விளிம்பு வரை ஊற்றினேன். கற்பூரம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.

கதவைத் திறந்ததும் டம்ளரைத்தான் பார்த்தேன். அப்படியே தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை. அவர் வரவில்லை! அப்படியானால் உயிரோடு இருக்கிறார். கத்தியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

அத்தை குனிந்து பார்த்தாள். "கொறஞ்சிகீது பாரு. எம்புள்ள வந்து குடிச்சிட்டுப் போயிட்டான். கொறஞ்சிகீது இல்லம்மா?"

இரண்டு வருஷத்தில் அந்த முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

"ஆமா அத்தே. கொறஞ்சிகீது."

படைத்ததை வீட்டார்தான் சாப்பிட வேண்டும். டம்ளரை என்னிடம் கொடுத்தாள். ஒரு வாய். முதலில் எரிச்சல். பிறகு வெல்லப்பாகு, கருகின மரம், வெயிலில் காய்ந்த படகுப் பலகை. விழுங்கிய பிறகும் நெஞ்சுக்குள் நின்றுகொண்டே இருந்தது. எங்கோ ஒரு ஊரில், இப்போது இல்லாத ஆலையில் யாரோ காய்ச்சியது. அவருக்குப் பிடித்திருக்கும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி
தூறல். மீதியைத் துணி அடைத்துப் பானையிலேயே வைத்தாயிற்று. ரயிலில் தூக்கம் வரவில்லை. காலையில் அரிசி எடுக்கும்போது பாட்டில் கையில் பட்டது. குறைந்ததா என்று தூக்கிப் பார்க்கவில்லை.