ஜனாதிபதியின் மறதிக்காரர்கள்

“ரீச்சர், சோதினை எழுதின பிள்ளையையே அதின்ரை பேப்பரைத் திருத்த விடுவியளோ?”

ஒருநாள் காலை தொலைபேசியை எடுத்ததும் இப்படித்தான் கேட்டீர்கள். சுகம் விசாரிக்கவில்லை. யார் பேசுவது என்றும் சொல்லவில்லை. விடமாட்டேன் என்றேன். “அமெரிக்காவிலை விடுகினம். வாருங்கோ காட்டுறன்” என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டீர்கள்.

அந்தக் கேள்வியை நேற்று மறுபடி நினைத்தேன், அக்கா. உங்கள் மகள் ஒரு துணிப்பையில் உங்கள் ஹெட்போனைப் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். “அம்மா முந்தியே உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ, அன்ரி” என்றாள். காதில் வைக்கும் பஞ்சு கிழிந்து தொங்குகிறது. அதில் நீங்கள் நெற்றியில் பூசும் தைலத்தின் மணம் இன்னும் இருக்கிறது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு எதையும் கேட்காமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாம்பியாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் நாம் படிப்பித்தபோது எனக்குக் கணக்கு, உங்களுக்குச் சரித்திரம். ஓய்வுபெற்றுச் சிட்னியின் லிட்கமில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தபோதும் அந்தப் பாடங்கள் நம்மை விடவில்லை. நம் வயதுப் பெண்கள் தொலைக்காட்சித் தொடர் பார்த்த நேரத்தில் நீங்கள் மகளின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் ஆவணங்களைப் படித்தீர்கள். நாம் இளம் ஆசிரியர்களாக இருந்த காலத்தில் ஆசியாவில் ஒரு போரை நடத்தியவர் அவர். அவருடைய பெயரை நீங்கள் வாயால் சொன்னதே இல்லை. ‘பெரியவர்’ என்பீர்கள். ஊரில் களவெடுத்துப் பிடிபட்ட கிராம அதிகாரியை, விதானையாரைச் சொல்வதுபோல இருக்கும்.

அன்று நான் வந்தபோது திரையில் ஒரு வாய்மொழி வரலாறு இருந்தது. பெரியவரிடம் வேலை செய்த ஆலோசகர்களையும் செயலாளர்களையும் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் வீடுவீடாகப் போய்ப் பேட்டி கண்டு பதிவு செய்திருக்கிறார். அதைத் தட்டச்சு செய்து, பேசியவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வாசிப்பார், பிடிக்காததை வெட்டுவார், நல்லதாக இரண்டு வரி சேர்ப்பார். ‘நான் சாகும்வரை இந்தப் பக்கங்களைத் திறக்கக்கூடாது’ என்று கையெழுத்தும் போடலாம்.

“சோதினை எழுதினவரே பேப்பரைத் திருத்தி, மாக்ஸும் போட்டு, அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப்போட்டுத் திறப்பையும் கொண்டு போறார்” என்றீர்கள். “இதுக்குப் பேர் வரலாறாம்.”

நீங்கள் அதை வாசித்த முறையை நான் என் பழைய மாணவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். முதலில் கூட்டம் நடந்த அன்றைக்கே எழுதிய குறிப்பைப் படிப்பீர்கள். அதற்குப் பிறகுதான், அதே மனிதர் வயதான பின் அதே கூட்டத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் ஆலோசகர் இருந்தார். அன்றைய குறிப்பின்படி, குண்டு போடுவதை இன்னும் வடக்கே கொண்டுபோகலாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான். பேட்டியிலோ, தனக்கு ஆரம்பம் முதலே மனம் ஒப்பவில்லை என்றும் அன்றே எச்சரித்ததாகவும் சொல்கிறார். நீங்கள் அவருக்கு ‘அப்பவே சொன்னவர்’ என்று பெயர் வைத்தீர்கள். இன்னொருவர் எதைக் கேட்டாலும் அந்தக் காலத்து விபரங்கள் ஞாபகத்தில் இல்லை என்பார். ஆனால் அன்றைய இரவு விருந்தில் என்ன மீன் பரிமாறினார்கள் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் ‘மீன்காரர்’ ஆனார்.

“உங்களுக்கு இவங்களிலை கோவம் வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“கோவமோ? கோவம் ஒரு மரியாதை, ரீச்சர். கோவப்பட எதிரிலை ஒரு ஆள் நிக்கவேணும். இவை ஆக்களே? உடுப்புப் போட்ட நொண்டிச் சாட்டுகள்.”

அதுவரை அந்தப் பேட்டிகள் எனக்குச் சலிப்பைத்தான் தந்தன. இகழத் தெரிந்துகொண்டது உங்களிடம்தான். அது இலேசான காரியம் இல்லை. ஒருவரை இகழ்வதற்கு முன் அவர் சொன்னது முழுவதையும் பொறுமையாகப் படிக்கவேண்டும் என்பது உங்கள் கட்டுப்பாடு. படிக்காமல் இகழ்பவர்களை நீங்கள் இன்னும் கூடுதலாக இகழ்ந்தீர்கள்.

முதியோர் சங்கத்து மதியச் சாப்பாட்டில் நடந்ததை மறக்கமுடியுமா? ஊரில் தபாலதிபராக இருந்த ஒருவர், தன் வீட்டுச் சுவரில் பெரியவரின் படம் தொங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவர் தங்கமான மனுசன், தங்கச்சி. சுத்தி நிண்டவங்கள்தான் கெடுத்தவங்கள்.”

“சுத்தி நிண்டவையைக் கேட்டுப் பாத்தனான், அண்ணை. பெரியவர்தான் கேக்காமல் செய்தவராம். அப்ப குண்டு தன்பாட்டிலை விழுந்ததோ?”

மேசை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, “உம்மோடை கதைக்கேலாது, அந்த வடையை இஞ்சாலை தாரும்” என்றார்.

இவ்வளவும் விளையாட்டாகவே போயிருக்கும், செல்வம் வராதிருந்தால்.

உங்கள் பின்வீட்டில் அறை எடுத்திருந்தவர் அவர். உழவு இயந்திரம் திருத்தும் வேலை தெரிந்தவர், ஐம்பதை நெருங்கியவர், படகில் வந்தவர். மனைவியும் மகளும் ஊரில். தடுப்பு முகாமிலிருந்து தற்காலிக விசாவில் வெளியே விட்டிருந்தார்கள். அகதியாகப் பாதுகாப்புக் கேட்டவரை நம்பமுடியாது என்று நிராகரித்திருந்தார்கள். மறுவிசாரணை ஒன்றுதான் மிச்சம். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். எந்தக் கைகள் அவருடைய அண்ணனைக் கொண்டுபோயினவோ அந்தக் கைகளுக்கே அவரும் போவார்.

நிராகரித்த காரணத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினீர்கள். நானும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். படகு வந்து சேர்ந்த ஆஸ்திரேலியத் தீவில் இறங்கியதும் எடுத்த முதல் நேர்காணலில் அண்ணனைக் கொண்டுபோனது ஜூன் மாதம் என்று சொல்லியிருக்கிறார். சிட்னியில் எடுத்த இரண்டாவதில் செப்டெம்பர். ஆகவே அப்படி ஒரு சம்பவம் நடந்ததாக ஏற்கமுடியாது.

“ஏன் ஜூன் எண்டு சொன்னனீர், தம்பி?”

“அவர் கேட்டார், அன்ரி. பெரிய மனுசன், மேசைக்கு முன்னாலை இருந்து திருப்பித் திருப்பிக் கேக்கிறார். ஒண்டும் சொல்லாமல் இருக்கேலுமே? மரியாதையில்லை.”

“உமக்கு உண்மையிலை என்ன தெரியும்?”

“கோயில் தேருக்கு முதல்நாள். தேர் நிக்கிற முட்டியடியிலை வைச்சு அண்ணையை வாகனத்திலை ஏத்தினவங்கள். தேருக்கு வடம் கட்டிக்கொண்டு நிண்டனாங்கள்.”

“அதைச் சொன்னனீரே?”

“சொன்னனான். கோயில் கதை வேண்டாம், மாசத்தைச் சொல்லுங்கோ எண்டார்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நமக்கு அது புரிந்தது. பெரிய மனிதர் ஒருவர் கேட்டால் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று வளர்ந்த சனம் நாம். வகுப்பில் தெரியாது என்று சொன்ன பிள்ளையை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்திய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லவேண்டும். மாதம் என்றால் ஒரு மாதம், எண்ணிக்கை என்றால் ஓர் எண். அந்த மரியாதைதான் அவரைப் பொய்யனாக்கியது.

சட்டத்தரணி அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துத் தேர் எந்த நாள் என்று காட்டுவதாகச் சொன்னார். நீங்கள் அதோடு விடவில்லை. வாரத்தில் ஒருநாள் குசினியில் மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணையாளராக உட்கார்ந்தீர்கள். என்ன சொல்லவேண்டும் என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்ததற்கு மேல் சொல்லவிடாமல் தடுத்தீர்கள், அவ்வளவுதான்.

“எத்தினை பேர் வந்தவை?”

“ஆறு... ஏழு பேர்.”

“எண்ணினனீரே?”

“இல்லை. ஏழெண்டு வையுங்கோவன்.”

“வைக்கிறதுக்கு இதென்ன பந்தியே? இலை போடவோ?”

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த கேள்விக்கும் ஓர் எண்ணைச் சொன்னார். பிறகும் சொன்னார். நான் பொறுமையாக ஓர் உதாரணம் சொல்லிப் பார்த்தேன். கணக்கில் தெரியாத பெறுமானத்தை எக்ஸ் என்று எழுதுவோம், அதற்குப் பதிலாக மனம்போன இலக்கத்தை எழுதினால்தான் பிழை என்றேன். மரியாதைக்காகத் தலையாட்டினார். அதுவும் அதே வியாதிதான்.

அப்போதுதான் உங்களுக்கு மீன்காரரின் ஞாபகம் வந்தது. ஹெட்போனை எடுத்துச் செல்வத்தின் காதில் மாட்டினீர்கள். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. ஆனால் குரல் கேட்டது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டி இருப்பவரின் குரல். கண்ணாடிக் குவளையில் ஐஸ் கட்டி உருளும் சத்தம்கூட அந்தப் பதிவில் உண்டு.

“இவர் ஆர், அன்ரி?”

“ஒரு நாட்டிலை குண்டு போட யோசனை சொன்ன கூட்டத்திலை இருந்தவர்.”

“என்ன சொல்லுறார்?”

“அண்டைக்கு அந்த அறையிலை இருந்தனீரோ எண்டு கேக்கினம். ஞாபகமில்லையாம்.”

செல்வம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு ஆறுதலாவோ சொல்லுறார்?” என்றார்.

“ஓம். இவரை ஆரும் பொய்யன் எண்டு எழுதேல்லை. நன்றி சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போச்சினம். அவருக்குத் தெரிஞ்சதையே தெரியாதெண்டு சொல்லுறார். உமக்குத் தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லக் கூச்சமே?”

அன்றைக்குத்தான், அக்கா, உங்கள் இகழ்ச்சியின் அடியில் என்ன இருக்கிறது என்று நான் கண்டேன். உலகத்தில் சிலருக்கு மறதி ஒரு சொத்து. அதை ஆவணக் காப்பகத்தில் தூசி படாமல் வைத்துப் பாதுகாப்பார்கள், ஆராய்ச்சியாளர்கள் வந்து அதில் நுணுக்கம் கண்டுபிடிப்பார்கள். வேறு சிலருக்கோ ஒரு மாதம் பிசகினால் அண்ணனே இல்லாமல் போய்விடுவார். ஒரு போரின் அளவு பிசகியவர் ‘சிக்கலான ஆளுமை’. தேருக்கு முதல்நாளை ஜூன் என்றவர் ‘நம்பகத்தன்மை அற்றவர்’. இதைச் செய்பவர்கள் கொடியவர்களாக இருந்தால்கூட ஒரு கனம் இருந்திருக்கும். அவர்கள் நேர்த்தியானவர்கள். தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

மறுவிசாரணைக்கு முந்திய மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் கணினிக்கு முன்னால் இருந்தபடியே இதயம் நின்றுவிட்டதாக மகள் சொன்னாள். செத்தவீட்டுக்குச் செல்வம் யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டோடு வந்து, பூ வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் நின்றார். என்னிடம் வந்து, “ரீச்சர், நீங்கள் வருவியளோ?” என்று மட்டும் கேட்டார்.

போனேன். துணையாக உட்கார அனுமதித்தார்கள். பேசக்கூடாது. சின்ன அறை, தண்ணீர்ச் சாடி, ஒரு மேசை. விசாரித்தவர் ஒரு பெண். மரியாதையாகத்தான் கேட்டார். தேர், வடம், பஞ்சாங்கத்து நாள் எல்லாம் வந்து போயின. பிறகு அந்தக் கேள்வி வந்தது. எத்தனை பேர் வந்து கொண்டுபோனார்கள்?

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். செல்வத்தின் உதடு ஓர் எண்ணுக்குத் தயாராவதைப் பார்த்தேன். ஆறா, ஏழா என்று அவருடைய விரல்கள் மேசைக்குக் கீழே அசைந்தன. ஐம்பது வருட மரியாதை அந்த மனிதரின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“தெரியாது” என்றார்.

விசாரித்தவர் அடுத்த கேள்விக்குப் போகாமல் நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் செல்வம், யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார். “நான் எண்ணேல்லை. நான் அண்ணையின்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, விசாரித்தவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

சில மாதங்களில் முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். முதல்தடவை அவரைப் பொய்யன் என்று எழுதியதற்கு எவரும் ஒரு வார்த்தை வருந்தவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்த மௌனத்தையும் ஒரு பேட்டியைப்போல வரிவரியாக வாசித்திருப்பீர்கள். செல்வம் இப்போது கிரான்பர்ன் என்ற ஊரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்திருக்கிறார்.

என்னிடம் மிச்சமிருப்பது உங்கள் வாசிக்கும் முறை. அன்றைய குறிப்பு முதலில், பிந்திய கதை பிறகு. பெரிய பதவிக்காரர்களின் நினைவலைகளைக் கேட்டால் உங்கள் சிரிப்பு எனக்கும் வருகிறது. எதிரில் இருப்பவர் ஒரு திகதிக்குத் தடுமாறினால், அவரை அவசரப்படுத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

அக்காவுக்கு எழுதிய இதை வாசிக்கிற மற்றவர்கள் ஒன்றைச் செய்து பாருங்கள். அடுத்த தடவை உங்களுக்கு விடை தெரியாத ஒன்றை யாராவது கேட்டால், “தெரியாது” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி பேசும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.